ஏறும் வழியும் இறங்கும் வழியும்

கால்பந்துப் பருவம் முடியும் மே மாதத்தில் ஓர் இரவு. விடுதியில் என் அறையில் கணிப்பொறித் திரையின் முன் நால்வர் அமர்ந்திருந்தோம். இங்கிலாந்தின் நான்காம் பிரிவில் இறுதிநாள் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் ஒரு கழகத்தின் ஆதரவாளர்கள் ஒருவரை ஒருவர் கட்டித் தழுவிக்கொண்டு அழுதார்கள். இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த சங்கத்துத் தம்பி ஒருவன், "அண்ணா, இவர்கள் என்ன கோப்பையை வென்றார்கள்?" என்று கேட்டான். "கோப்பை இல்லை, தம்பி. கடைசி இரண்டு இடங்களுக்குள் விழாமல் தப்பினார்கள்" என்றேன். "இதற்கா இத்தனை ஆரவாரம்?" என்று அவன் சிரித்தான்.

அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. நிறைவான விடையை இங்கே எழுத முயல்கிறேன்.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். ஆங்கிலக் கால்பந்தில் மேலே நான்கு பிரிவுகள் உள்ளன. முதற்பிரிவான பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள். அதன் கீழுள்ள மூன்று பிரிவுகளில் பிரிவுக்கு 24. ஆக 92 கழகங்கள். இந்த 92-க்கு வெளியே நிற்பவற்றையெல்லாம் 'லீக்குக்குப் புறம்பானவை' என்று பொதுவாகச் சொல்வார்கள். புறம்பானவை என்றவுடன் பொழுதுபோக்குக்காக ஆடுகிறவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஐந்தாம் படியிலுள்ள பல கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு முழு ஊதியம் கொடுத்து நடப்பவை. அதற்கும் கீழே படிகள் பல உண்டு; ஊர்த்திடலில் ஆடும் குழு வரை அந்த ஏணி இறங்கிச் செல்கிறது.

ஆண்டின் முடிவில் ஒவ்வொரு பிரிவிலும் மேலிடத்தார் சிலர் ஒரு படி ஏறுவர்; கீழிடத்தார் சிலர் ஒரு படி இறங்குவர். மூடிய குப்பியில் பாதியளவு நீர் இருப்பதாகக் கொள்ளுங்கள். நீர்த்துகள்கள் ஆவியாகி மேலே போய்க்கொண்டே இருக்கின்றன. ஆவி குளிர்ந்து மீண்டும் நீரில் கலந்துகொண்டே இருக்கிறது. நீரின் அளவோ மாறுவதில்லை. இந்த 92-ம் அப்படிப்பட்டதே. தொகை மாறாது, உறுப்பினர் மாறுவர்.

இது தொடக்கமுதலே இருந்த ஏற்பாடு என்று நானும் எண்ணியிருந்தேன். வரலாற்றைப் படித்தபோதுதான் உண்மை விளங்கியது.

லீக் 1888-ஆம் ஆண்டில் 12 கழகங்களுடன் தோன்றியது. 1892-இல் இரண்டாம் பிரிவு ஏற்பட்டது. மேற்பிரிவின் கடைசி இடத்தாரும் கீழ்ப்பிரிவின் முதலிடத்தாரும் 'சோதனை ஆட்டம்' ஆடி, யார் எங்கே இருப்பது என்பதைத் தீர்த்தனர். 1898-இல் ஸ்டோக், பர்ன்லி ஆகிய இரண்டு கழகங்களும் கடைசிச் சோதனை ஆட்டத்தில் சந்தித்தன. ஆட்டம் சமமாக முடிந்தால் இருவருக்குமே மேற்பிரிவில் இடம் என்ற நிலை. கோல் எதுவும் விழாமலே ஆட்டம் முடிந்தது, வேறெப்படி முடியும்? பார்த்தவர்கள் வெகுண்டனர். அதன்பின் சோதனை ஆட்டத்தைக் கைவிட்டு, புள்ளிப் பட்டியலின்படியே ஏற்ற இறக்கத்தை நடத்தினர்.

இவையெல்லாம் வீட்டிற்குள் அறைவிட்டு அறை மாறுவது போன்றவை. வாயிற்கதவின் கதை வேறு.

நான்காம் பிரிவு 1958-இல் அமைந்தது. அதில் கடைசி நான்கு இடங்களில் நிற்பவர்கள் தங்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பிக்க வேண்டும். வெளியிலிருந்தும் கழகங்கள் விண்ணப்பிக்கலாம். பிறகு வாக்கெடுப்பு. வாக்களிப்பவர்கள் யார்? உள்ளே இருக்கும் கழகங்களே. அதிலும் மேலிரண்டு பிரிவினரிடமே பெரும்பான்மை வாக்குகள். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, "உங்களில் யார் எழுந்து வெளியே நிற்பவருக்கு இடம் தருகிறீர்கள்?" என்று கேட்டால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. 28 பருவங்களில் நூறு தடவைக்கு மேல் கடைசி இடத்தார் விண்ணப்பித்தனர். வாக்கினால் வெளியேற்றப்பட்டவை ஐந்தே கழகங்கள். 1962-இல் அக்ரிங்டன் ஸ்டான்லி கடன் தாங்காமல் தானே விலகியது. அந்த இடம் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கிடைத்தது.

வெளியேற்றியதிலும் முறை இருந்ததா? 1960-இல் கேட்ஸ்ஹெட் கழகம் வெளியேற்றப்பட்டது. பட்டியலில் அதற்குக் கீழே இரண்டு கழகங்கள் இருந்தன. அவை உள்ளேயே இருந்துவிட்டன. 1980-இல் லீக்குக்குப் புறம்பான கழகங்களின் முதல்வராக வந்த ஆல்ட்ரிங்கம் 25 வாக்குகள் பெற்றது; நான்காம் பிரிவில் கடைசியாக வந்த ராச்டேல் 26 பெற்றது. ஒரு வாக்கில் வாயில் மூடியது. மறு ஆண்டும் ஆல்ட்ரிங்கமே முதலிடம் பெற்றது, வாயில் திறக்கவேயில்லை.

1987-இல்தான் இந்த நிலை மாறியது. இனி வாக்கு இல்லை. ஐந்தாம் படியின் முதல்வர், அரங்கம் முதலிய தகுதிகள் இருந்தால், நேரே உள்ளே வரலாம். நான்காம் பிரிவின் கடைசி இடத்தார் வெளியே போகவேண்டும்.

அவ்வாண்டு மே 9-ஆம் நாள். லீக்கை நிறுவிய 12 கழகங்களில் ஒன்றும், 1960-இல் நாட்டிற்கே முதல்வராக விளங்கியதுமான பர்ன்லி, அன்று காலை 92-ஆம் இடத்தில் இருந்தது. ஓரியன்ட் கழகத்தை 2-1 என்று வென்று தப்பியது. டார்கி கழகம் க்ரூவிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்து ஒரு கோலைத் திருப்பியது. ஆட்டம் முடியும் வேளையில் காவலரின் நாய் ஒன்று டார்கியின் ஆட்டக்காரர் ஜிம் மெக்நிக்கோலைக் கடித்துவிட்டது! காயத்துக்குக் கட்டுப் போட நேரம் ஆயிற்று. அந்த நேரத்தை நடுவர் கூட்டிக் கொடுத்தார். அந்தக் கூடுதல் நேரத்தில் பால் டாப்சன் கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். ஸ்வான்சியில் தோற்ற லிங்கன் நகரக் கழகம் டார்கியுடன் புள்ளியில் சமமாக இருந்தும் கோல் கணக்கில் பின்தங்கி வெளியேறியது. லிங்கன் சோர்ந்து உட்காரவில்லை. மறு ஆண்டே ஐந்தாம் படியின் முதல்வராகித் திரும்பி வந்தது.

லிங்கனின் இடத்தில் உள்ளே வந்த கழகம் ஸ்கார்பரோ. அதன் கதையையும் கேளுங்கள். 1999-இல் கடைசி ஆட்டம் முடிந்தபோது தப்பிவிட்டோம் என்று ஸ்கார்பரோவின் ஆதரவாளர்கள் திடலில் இறங்கி மகிழ்ந்தனர். கார்லைலில் ஆட்டம் இன்னும் முடியவில்லை. கார்லைலின் கோல்காவலர் ஜிம்மி கிளாஸ், தமது கோலை விட்டுவிட்டு எதிரணியின் கோலுக்கே ஓடிச்சென்று, கடைசி நொடிகளில் பந்தை உள்ளே உதைத்தார். கார்லைல் பிழைத்தது, ஸ்கார்பரோ வீழ்ந்தது. அக்கழகம் மீளவேயில்லை; 2007-இல் கடனில் மூழ்கி மறைந்தது.

ஆதலால் இறக்கம் வலியற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு படி கீழே விழும் கழகத்துக்கு ஒளிபரப்பு வருவாய் குறைகிறது, ஆட்டக்காரர்கள் பிரிகின்றனர், வாசலில் சீட்டுக் கிழிப்பவர் வரை வேலைக்கு அஞ்ச வேண்டியிருக்கிறது. கதவு திறந்தபிறகும் குறை தீர்ந்துவிடவில்லை. 1994, 1995, 1996 ஆகிய மூன்றாண்டுகளிலும் ஐந்தாம் படியின் முதல்வர்களாக வந்த கிட்டர்மின்ஸ்டர், மேக்கிள்ஸ்ஃபீல்டு, ஸ்டீவனேஜ் ஆகியவை அரங்க விதியால் தடுக்கப்பட்டன. ஸ்டீவனேஜ் நீதிமன்றம் வரை சென்றும் பயனில்லை. 2003-இல்தான் ஏறும் இடம் ஒன்றிலிருந்து இரண்டாயிற்று.

ஆனாலும் திறந்த கதவு செய்ததைப் பாருங்கள். லூட்டன் கழகம் 2009-இல் லீக்கை விட்டே இறங்கியது. ஐந்தாண்டுகள் வெளியே கிடந்து, 2014-இல் மீண்டு, 2023-இல் முதற்பிரிவுக்கே ஏறியது. மறு ஆண்டே இறங்கியது என்பதும் உண்மை. 2002-இல் ஆதரவாளர்களே கூடித் தொடங்கிய ஏ.எஃப்.சி. விம்பிள்டன் ஒன்பதாம் படியில் ஆடத் தொடங்கி 2011-இல் லீக்கினுள் நுழைந்தது. பழைய வாக்கெடுப்பு முறை இருந்திருந்தால் இவர்கள் எத்தனை பேரின் வீட்டு வாயிலில் காத்து நின்றிருக்க வேண்டும்!

2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெருங்கழகங்கள் தமக்கென ஒரு 'சூப்பர் லீக்' அமைக்க முனைந்தன. அதன் 20 இடங்களில் 15 இடங்களுக்கு இறக்கமே கிடையாதாம்! ஆங்கில ஆதரவாளர்கள் தெருவில் இறங்கினர். மூன்று நாட்களுக்குள் ஆறு ஆங்கிலக் கழகங்களும் பின்வாங்கின. அதில் சேர்ந்திருந்த கழகங்களின் ஆதரவாளர்களே அதை எதிர்த்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

நம் நாட்டிலும் இக்கேள்வி உண்டு. கல்கத்தா லீக்கின் முதற்பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் கூடாது என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. 1925-இல் ஈஸ்ட் பெங்கால் உள்ளே நுழைந்தபோது அந்தத் தடை உடைந்தது. இந்தியன் சூப்பர் லீக் 2014-இல் தொடங்கியபோது ஏறும் வழி இல்லை. 2023-இல் பஞ்சாப் கழகமும் 2024-இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஐ-லீக்கை வென்று ஏறின. ஆனால் அவ்வாண்டுகளில் யாரும் இறங்கவில்லை. ஏறும் வழியை மட்டும் திறந்து இறங்கும் வழியை அடைத்தால், பந்தியில் இலை போட்டுக்கொண்டே போகலாம். எத்தனை நாளைக்கு இடம் இருக்கும்?

தம்பியின் கேள்விக்கு வருவோம். கடைசிக்கு மேலே ஓரிடத்தில் நின்றவர்கள் ஏன் அழுதார்கள்? அந்த இடத்தை அவர்களுக்கு யாரும் இரக்கப்பட்டுத் தரவில்லை, வாக்களித்தும் தரவில்லை. பருவத்தின் 46 ஆட்டங்களில் தாமே ஆடிக் காத்துக்கொண்டார்கள். வெளியே நிற்பவனும் நாளை ஆடி உள்ளே வரலாம். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. விழுந்தவருக்குக் கைகொடுக்க வழிகள் தேடுவோம், அது வேண்டியதே. ஆனால் அதற்காகக் கதவைச் சாத்திவிட வேண்டாம்.

அடுத்த மே மாதம் என் அறைக்கு வாருங்கள். பட்டியலின் மேற்பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள். நாம் கீழ்ப்பக்கத்தைப் பார்ப்போம்.