உப்பு நீரில் எரிந்த விளக்கு

நுழையும்முன்

சமையல் சோடாவில் பொங்கும் எரிமலை, அட்டையில் சுழலும் கோள்கள், உப்பு நீரில் எரியும் விளக்கு ஆகிய மூன்றும் இல்லாத பள்ளி அறிவியல் கண்காட்சி அரிது. முதல் இரண்டையும் பார்ப்போர் வியந்துவிட்டு நகர்வர். மூன்றாவதின் முன் நிற்போர்க்கு ஒரு கேள்வி எழும்: கடல் முழுவதும் உப்பு நீர்தானே, பிறகு ஏன் மின்பற்றாக்குறை? அந்தக் கேள்விக்கு விடை தேடிச் செல்கிறது இக்கட்டுரை.

மங்கிய ஒளி

அத்தகைய மேசை ஒன்றின் பின்னால் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நிற்கிறாள். மேசைமேல் நான்கு கண்ணாடிக் குவளைகள். ஒவ்வொன்றிலும் உப்புக் கரைத்த நீர். அதனுள் ஒருபுறம் துத்தநாகத் தகடு, மறுபுறம் செப்புத் தகடு. ஒரு குவளையின் செப்பு அடுத்த குவளையின் துத்தநாகத்தோடு கம்பியால் இணைக்கப்பட்டுள்ளது. வரிசையின் இரு முனைகளும் சிறிய சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்றில் சென்று முடிகின்றன. பின்புறம் தொங்கும் அட்டையில் ‘உப்பு நீரிலிருந்து மின்சாரம்’ என்று பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. விளக்கு எரிகிறது.

பேரனின் படைப்பைக் காண வந்த மீனவர் ஒருவர் அங்கே நெடுநேரம் நின்றார்.

“ஏம்மா, இது எத்தனை நாளைக்கு எரியும்?”

“உப்புத் தண்ணி இருக்குற வரைக்கும் எரியும் தாத்தா.”

“அப்படின்னா கடல் வத்துற வரைக்கும் ஊருக்கே கரண்டு விடலாமே!”

மாணவி சிரித்தாள், மறுக்கவில்லை. மறுப்பதற்குரிய காரணம் எதுவும் அப்போது அவளுக்குத் தெரியாது. பிற்பகலில் நடுவர்கள் அந்த மேசையை நெருங்கியபோது விளக்கு மங்கி, உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு செம்புள்ளியாகியிருந்தது. பதற்றத்தோடு இரண்டு கரண்டி உப்பை அள்ளி ஒவ்வொரு குவளையிலும் இட்டுக் கலக்கினாள். ஒளி இலேசாக உயர்ந்து மீண்டும் தாழ்ந்தது. குவளையில் நீர் குறையவில்லை, உப்பும் குறையவில்லை. இருந்தும் விளக்கு அணையப்போகிறது. அட்டையில் எழுதிய வாசகத்திற்கும் கண்முன் நிகழ்வதற்கும் இடையே ஏதோ பொருந்தாமல் இருந்தது.

ஒரு வாரத் தேடல்

இத்தகைய தருணத்தில் பல மேசைகளில் நடப்பது ஒன்றுதான்: குவளைக்குப் பின்னால் ஒரு சிறிய மின்கலம் மறைத்து வைக்கப்படும். இங்கே அவ்வாறு நிகழவில்லை. அறிவியல் ஆசிரியை அக்கருவியை அப்படியே ஆய்வகத்திற்கு எடுத்துச் செல்லச் சொன்னார். “எதை மாற்றினால் விளக்கு அணைகிறது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்” என்பது மட்டுமே அவர் தந்த வழிகாட்டல்.

முதலில் துத்தநாகத் தகட்டை வெளியே எடுத்தாள். அதன்மேல் வெண்ணிறப் படலம் படிந்திருந்தது. தச்சர்கள் பயன்படுத்தும் உப்புத்தாளால் (பெயரில் மட்டுமே உப்பு) அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மீண்டும் நீரில் இறக்கியபோது ஒளி பழைய நிலைக்கு வந்தது. உப்பைக் கூட்டியபோது மீளாத ஒளி, தகட்டைத் துலக்கியபோது மீண்டது.

பிறகு உப்பு நீரைக் கொட்டிவிட்டுச் சர்க்கரை நீரை ஊற்றினாள், விளக்கு எரியவில்லை. எலுமிச்சைச் சாற்றை ஊற்றினாள்; ஒரு துகள் உப்பும் இல்லாமலே எரிந்தது. ஆக, உப்புக்கு மாற்று உண்டு. இறுதியாகச் செய்த சோதனைதான் கேள்வியை முடித்து வைத்தது. எல்லாக் குவளைகளிலும் நல்ல உப்பு நீர் நிரப்பி, துத்தநாகத்தை நீக்கிவிட்டு, இருபுறமும் செப்புத் தகடுகளையே வைத்தாள். மல்டிமீட்டர் ஏறத்தாழச் சுழியத்தைக் காட்டியது. உப்பு நீர் முழுமையாக இருந்தும் மின்சாரம் இல்லை.

துத்தநாகத் தகட்டில் நிகழ்வதை இவ்வாறு விளக்கலாம். துத்தநாக அணு ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டு அயனியாக நீரில் இறங்குகிறது. அந்த எலக்ட்ரான்கள் கம்பி வழியாகச் சென்று, விளக்கை எரித்துவிட்டுச் செப்புத் தகட்டை அடைகின்றன. அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அவற்றை ஏற்றுக்கொள்கிறது. இவ்வளவுதான் என்றால், துத்தநாகப் பக்கம் நேர்மின்சுமையும் செப்புப் பக்கம் எதிர்மின்சுமையும் குவிந்து, ஒரு நொடிக்குள் எல்லாம் நின்றுபோகும். அதைத் தடுப்பதே உப்பின் பணி. சோடியம் அயனிகள் செப்பை நோக்கியும் குளோரைடு அயனிகள் துத்தநாகத்தை நோக்கியும் நகர்ந்து மின்சுமையைச் சமன் செய்கின்றன. கூலி கேட்காத பரிசல்காரரைப்போல் உப்பு இக்கரைக்கும் அக்கரைக்கும் வழிவிடுகிறது, தான் செலவாவதில்லை. சர்க்கரை நீரில் கரையுமே தவிர அயனிகளாகப் பிரியாது. அதனால் அங்கே பரிசலே இல்லை.

இவ்விளக்கத்தைத் தராசிலும் சரிபார்க்கலாம். ஒரு மில்லிஆம்பியர் மின்னோட்டம் நூறு மணி நேரம் பாய்ந்தால் 360 கூலூம் மின்னூட்டம் கடந்திருக்கும். ஃபாரடேயின் விதிப்படி, அதற்காக ஒவ்வொரு குவளையிலும் ஏறத்தாழ 0.12 கிராம் துத்தநாகம் கரைய வேண்டும். 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு இருக்கும் எந்தப் பள்ளியிலும் இந்த இழப்பைக் காண இயலும். நடைமுறையில் இழப்பு இன்னும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்; ஏனெனில் விளக்குக்குப் பயன்படாமலும் தகடு அரிக்கப்படுகிறது.

வோல்டா கண்டதும் காணாததும்

அம்மாணவியின் குவளைகளுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெசாந்திரோ வோல்டா, 1800 மார்ச் 20ஆம் நாள் இலண்டன் ராயல் கழகத்தின் தலைவர் ஜோசப் பேங்க்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். வெள்ளி வில்லை, துத்தநாக வில்லை, உப்பு நீரில் நனைத்த அட்டை என மாற்றி மாற்றி அடுக்கினால் தொடர்ச்சியான மின்னோட்டம் கிடைக்கும் என்பது அதன் செய்தி. உலகின் முதல் மின்கல அடுக்கு அதுவே.

இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடுவதே மின்சாரத்தின் ஊற்று என்று வோல்டா கருதினார். உப்பு நீர் வெறும் கடத்தி என்பதை அவர் சரியாகவே உணர்ந்திருந்தார். ஆனால் உலோகம் வேதிவினையில் செலவாகிறது என்பதற்கு உரிய இடத்தை அவர் கொடுக்கவில்லை. ஓயாது சுரக்கும் ஊற்றாகவே அவ்வடுக்கை எண்ணினார். மாணவியின் அட்டை உப்பைப் புகழ்ந்தது. வோல்டாவின் கடிதம் உலோகங்களின் தொடுகையைப் புகழ்ந்தது. செலவாகும் பொருளை இருவருமே கணக்கில் சேர்க்கவில்லை. மேதை ஒருவர் தடுமாறிய அதே இடத்தில் எட்டாம் வகுப்பு மாணவி தடுமாறியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உப்பு நீரில் மின்சுமையுடைய துகள்கள் உண்டு என்னும் கருத்தும் எளிதில் ஏற்கப்படவில்லை. சுவீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அதனை ஆய்வேடாக அளித்தபோது, தேர்வாளர்கள் குறைந்த தரத்தையே வழங்கினர். அதே கொள்கைக்காக 1903இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கடலோரத்து விளக்கு

துத்தநாகம்தான் எரிபொருள் என்றால் அந்தத் துத்தநாகத்திற்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று கேட்பது இயல்பு. துத்தநாகம் பூமியில் தூய உலோகமாகக் கிடைப்பதில்லை. இந்தியாவில் அதன் தாது பெரும்பாலும் இராஜஸ்தானில் வெட்டியெடுக்கப்படுகிறது. தாதுவை வறுத்து, அமிலத்தில் கரைத்து, மின்பகுப்பு முறையில் ஒரு கிலோ உலோகத்தைப் பிரிப்பதற்கு ஏறத்தாழ 3 கிலோவாட் மணி மின்னாற்றல் தேவை. அதே ஒரு கிலோவை உப்பு நீர்க் குவளையில் முக்கால் வோல்ட் அளவில் முழுமையாகக் கரைத்தால் திரும்பக் கிடைப்பது 0.6 கிலோவாட் மணி மட்டுமே. ஐந்து பங்கு கொடுத்து ஒரு பங்கு பெறும் இவ்வாணிகத்தை யாரும் மின்னுற்பத்தி என்று அழைக்கமாட்டார்கள். ‘உப்பு நீரில் ஓடும் வண்டி’ என்று அவ்வப்போது பரவும் செய்திகளைப் படிக்கும்போது இந்தக் கணக்கை நினைவில் கொள்வது நல்லது.

அப்படியானால் உப்பு நீர் விளக்கு பயனற்றதா? சென்னையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் அவ்வாறு கருதவில்லை. அந்நிறுவனத்தின் ‘சாகர் அன்வேஷிகா’ என்னும் ஆய்வுக்கப்பலில், கடல்நீரை மின்பகுளியாகக் கொண்ட ‘ரோஷ்னி’ என்னும் எல்.இ.டி. விளக்கு 2022 ஆகஸ்டில் அறிமுகம் செய்யப்பட்டது. மீனவர்களுக்கும் பேரிடர்க் காலங்களில் மின்சாரம் இழந்தோருக்கும் உதவுவதே அதன் நோக்கம். கடலற்ற ஊர்களில் சாதாரண நீரில் சமையல் உப்பைக் கரைத்தும் அதனைப் பயன்படுத்தலாம்.

இத்தகைய விளக்குகளின் சிறப்பு வேறோர் இடத்தில் உள்ளது. உலர்ந்த நிலையில் அவற்றினுள் வினை ஏதும் நிகழாது. கடையில் வாங்கும் மின்கலம் பெட்டியில் கிடந்தே வலுவிழக்கும். இவையோ ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, நீர் பட்ட கணத்தில் விழிக்கும். கடலில் விழுந்தவரின் உயிர்காப்பு உடையில் தானே ஒளிரும் சிறு விளக்குகள் இவ்வகையின. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நீர்மூழ்கிக் குண்டுகளுக்காகக் கடல்நீரால் இயங்கும் மெக்னீசிய மின்கலங்கள் உருவாக்கப்பட்டதற்கும் இதுவே காரணம். புயலடித்து மூன்று நாள் மின்சாரமற்ற ஒரு கடலோரக் குடிசையில், ஐந்து பங்குக்கு ஒரு பங்கு என்னும் கணக்கை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் உலோகத் தண்டு கரைந்தபின் மாற்றுத் தண்டு கிடைக்குமா, என்ன விலை என்பதை அக்குடிசைக்காரர் கேட்டே ஆக வேண்டும். “எத்தனை நாளைக்கு எரியும்?” என்ற மீனவரின் கேள்வி அதைத்தான் கேட்டது.

ஆறும் கடலும்

அவருடைய இரண்டாவது கேள்வி மிச்சமிருக்கிறது. கடலைக் கொண்டே ஊருக்கு மின்சாரம் தர முடியுமா? உலோகம் எதையும் கரைக்காமல், உப்பின் செறிவு வேறுபாட்டிலிருந்தே ஆற்றல் பெற ஒரு வழி உண்டு. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்க மின்சாரம் செலவிடப்படுகிறது. தூத்துக்குடி உப்பளங்களில் அதற்கு நேர்மாறாக நீரைப் போக்கி உப்பை எடுக்கும் வேலையைக் கதிரவன் செய்கிறான். உப்பையும் நீரையும் பிரிக்க ஆற்றல் தேவை என்றால் அவை மீண்டும் கலக்கும்போது ஆற்றல் வெளிப்பட்டாக வேண்டும். ஒவ்வோர் ஆற்றின் கழிமுகத்திலும் அது ஓசையின்றி வீணாகிக்கொண்டிருக்கிறது.

கடல்நீருக்கும் நன்னீருக்கும் இடையே நீரை மட்டும் விடும் சவ்வு ஒன்றை வைத்தால், நன்னீர் உப்பு நீரை நோக்கி ஊடுருவும். அதன் அழுத்தம் கோட்பாட்டளவில் 270 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். மேட்டூர் அணையின் 120 அடி நீர்மட்டத்தைப்போல் ஏழு மடங்கு அது. ஒரு கனமீட்டர் ஆற்றுநீர் கடலில் கலக்கையில் உச்ச அளவாக முக்கால் கிலோவாட் மணி ஆற்றல் வெளிப்படும். பிரித்தானிய அறிவியலாளர் ஆர்.இ. பேட்டில் 1954இலேயே இவ்வழியைச் சுட்டினார். 2009இல் நார்வேயின் தோஃப்தே என்னும் ஊரில் இம்முறையிலான உலகின் முதல் சோதனை நிலையம் தொடங்கப்பட்டது. அது தந்தது சில கிலோவாட்டுகளே. சதுர மீட்டர் சவ்வுக்கு 5 வாட் கிடைத்தால்தான் கட்டுபடியாகும் என்ற கணக்கை எட்ட இயலாமல், 2013இன் இறுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

கடல்நீரைக் குடிநீராக்கும் நடைமுறைக்கேற்ற சவ்வை உருவாக்கியவர்கள் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவர். அதே லோப் 1970களில், சவ்வினைத் திருப்பிப் பயன்படுத்தி மின்னாற்றல் பெறும் முறையையும் வகுத்தார்.

முயற்சி அத்தோடு நிற்கவில்லை. ஜப்பானின் ஃபுக்குவோக்கா நகரில் 2025 ஆகஸ்டில் ஒரு நிலையம் செயல்படத் தொடங்கியது. அது ஆற்றையும் கடலையும் நம்பவில்லை. குடிநீர் ஆலை வெளியேற்றும் மிகு உப்பு நீரையும் தூய்மைப்படுத்திய கழிவுநீரையும் சவ்வின் இருபுறமும் பாய்ச்சுகிறது. எதிர்பார்க்கப்படும் உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 8,80,000 கிலோவாட் மணி, அதாவது சராசரியாக நூறு கிலோவாட். ஓர் ஊருக்குப் போதாது; ஆனால் அந்த ஆலையின் மின்தேவையில் ஒரு பகுதிக்கு ஆகும். மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளின் மிகு உப்பு நீர் இன்று கடலுக்கே திரும்புகிறது.

மறு ஆண்டுக் கண்காட்சியில் அம்மாணவியின் மேசையில் விளக்கு இல்லை. வினிகரில் ஊறவைத்து ஓடு நீக்கிய இரண்டு கோழி முட்டைகள் இரு குவளைகளில் கிடந்தன. நன்னீரில் இட்டது விம்மிப் பருத்திருந்தது. அடர் உப்பு நீரில் இட்டது சுருங்கியிருந்தது. பின்னாலிருந்த அட்டையில் தலைப்பு இன்னும் எழுதப்படவில்லை. மீனவத் தாத்தா இம்முறையும் வந்திருந்தார்.

“விளக்கு எங்கம்மா?”

“இதுல இருந்துதான் வரணும் தாத்தா” என்று பருத்த முட்டையைக் காட்டினாள்.