டென்னிஸ் ஆடாதவர்க்கும் வரும் டென்னிஸ் எல்போ

சென்ற ஆண்டு நம் சங்கப் பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கல் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போனவன், முதல் பந்தி பாதிகூட முடியவில்லை, வாளியைக் கீழே வைத்துவிட்டேன். வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுரீரென்று ஒரு வலி. "சார், என்ன ஆச்சு?" என்று கேட்ட அன்பர்கள் அனைவருக்கும் இந்தக் கட்டுரையே பதில்.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் இருந்தவன் நான். அப்போதெல்லாம் வராத வலி, ஓய்வுபெற்ற பிறகு ஆள் கூலியை மிச்சம்பிடிக்க வீட்டுக் கிரில்லுக்கு நானே உப்புத்தாள் தேய்த்துப் பெயின்ட் அடித்த நான்கே நாளில் வந்து சேர்ந்தது. காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. டாக்டர் "டென்னிஸ் எல்போ" என்றார். டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதில்லை நான்!

சச்சின் டெண்டுல்கருக்கு 2004-இல் இந்த வலி வந்து, 2005-இல் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதை நாம் அறிவோம். ஆனால் இந்த வலி வருபவர்களில் பெரும்பாலோர் விளையாட்டு வீரர்கள் அல்லர். துணி பிழிபவர்கள், சப்பாத்தி இடுபவர்கள், ஸ்குரூ டிரைவர் திருகுபவர்கள், நாள் முழுதும் கம்ப்யூட்டர் மவுஸ் பிடிப்பவர்கள் ஆகியோர்தான் அதிகம்.

என்ன நடக்கிறது?

மணிக்கட்டைப் பின்பக்கமாக நிமிர்த்தும் தசைகள், முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் ஒரு தசைநாரால் பிணைக்கப்பட்டுள்ளன. ஒரு பொருளை இறுகப் பிடிக்கும்போதெல்லாம் இந்த நார் இழுபடுகிறது. தாங்கும் அளவை மீறி மீண்டும் மீண்டும் இழுபட்டால் அதன் இழைகள் நைந்துபோகின்றன. இது வெறும் வீக்கமல்ல, தேய்மானம். அதனால்தான் தைலமும் மாத்திரையும் வலியைச் சற்றுத் தணிக்கின்றனவே தவிர, நாரை வலுப்படுத்துவதில்லை.

எனக்குப் பொறுமை இல்லை. ஒரு கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். இரண்டே வாரத்தில் வலி பறந்தது. மூன்றாம் மாதம் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. ஆஸ்திரேலியாவில் 165 பேரைக் கொண்டு செய்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றைப் பிறகுதான் அறிந்தேன். ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 54 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் வலி திரும்பியது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 12 சதவீதத்தினருக்குத்தான் திரும்பியது.

பிறகுதான் பிசியோதெரபிக்குப் போனேன். மனைவியும் உடன் வந்தாள். சிகிச்சை தரும் பெண்மணி என் முழங்கையை நீட்டச் சொல்லி, முஷ்டியை மேலே தூக்கச் சொல்லி, அதைக் கீழே அழுத்திப் பார்த்தார். உயிர் போயிற்று. பக்கத்தில் இருந்த மனைவி தன் கையிலும் அப்படியே அழுத்திப் பார்த்து "அம்மா!" என்றாள். "துணி பிழியறப்போ இங்கதான் வலிக்குதுன்னு மூணு வருஷமாச் சொல்றேனே, எண்ணெய் தேச்சுக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்று இருவர் பெயரையும் பதிவு செய்தோம்.

பயிற்சி முறை

முதல் கட்டம்: முன்கையை மேஜை மீது வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கி விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். மற்றக் கையால் புறங்கையை அழுத்த, மணிக்கட்டு அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும். 30 முதல் 45 விநாடி, ஐந்து முறை.

இரண்டாம் கட்டம்: அதே நிலையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல கையின் உதவியால் மணிக்கட்டை மேலே தூக்கி, பிறகு உதவியை எடுத்துவிட்டு, ஐந்து எண்ணி மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். பத்துப் பதினைந்து தடவை, மூன்று சுற்று. எளிதானதும் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

பயிற்சியில் இலேசான வலி இருக்கலாம்; மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் எடையைக் குறையுங்கள்.

வலிக்கிற கைக்கு வேலை கொடுக்கலாமா என்று சந்தேகப்பட்டேன். என் தொழிலே பதில் சொன்னது. புதிதாக ஜல்லி போட்ட பாதையில் காஷன் ஆர்டர் கொடுத்து முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர், பிறகு 45, 75 என்று வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுவோம். ஓடும் வண்டியின் பாரம்தான் ஜல்லியை இறுக்கும். எடுத்தவுடனே முழு வேகம் விட்டால் விபத்து. வண்டியே விடாமல் பூட்டிவைத்தால் பாதை என்றும் உறுதிப்படாது. தசைநாரும் அப்படித்தான்.

பொருளைத் தூக்கும்போது உள்ளங்கை மேல்நோக்கியும், முழங்கை மடங்கி உடலை ஒட்டியும் இருக்கட்டும். முழங்கைக்குச் சற்றுக் கீழே கட்டும் பட்டை வேலை நேரத்தில் உதவும். விரல் மரத்துப்போதல், கழுத்திலிருந்து இறங்கும் வலி, மூட்டில் வீக்கம், காய்ச்சல் இருந்தால் பயிற்சி வேண்டாம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

எனக்குப் பன்னிரண்டு வாரம் ஆயிற்று. நாள்பட்ட வலி என்பதால் மனைவிக்கு ஆறு மாதம். இந்தப் பொங்கலுக்கு வாளியை நானே தூக்கினேன். வீட்டில் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவதும், போர்வை பிழிவதும் இப்போது என் வேலை.

உங்கள் வீட்டில் யாராவது கை வலிக்கிறது என்றால், எண்ணெய் பாட்டிலை நீட்டுமுன் எங்கே வலிக்கிறது என்று ஒரு நிமிடம் கேளுங்கள். நான் மூன்று வருடம் கேட்காமல் இருந்துவிட்டேன்.