ஜான்ஸ்வில் மையவிலக்கி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கடற்படையின் விமான ஆய்வுக்கென 1950ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கிய இந்த மையவிலக்கி, 50 அடி நீளக் கையின் முனையில் பொருத்திய கூண்டை 4,000 குதிரைத்திறன் மின்மோட்டாரால் சுழற்றி, புவியீர்ப்பைப்போல் 40 மடங்கு, அதாவது 40 ஜி வரை, முடுக்கத்தை உண்டாக்க வல்லதாக இருந்தது. தலை சுழல்மையத்தை நோக்கியிருக்க அமர்ந்தவருக்குக் குருதி கால்களுக்கு இறங்கி, முதலில் பார்வை ஓரங்களிலிருந்து மங்கி, பின்னர் முற்றிலும் இருண்டு, இறுதியில் நினைவு தப்பும். முடுக்கம் மார்பிலிருந்து முதுகை நோக்கி அழுத்துமாறு சாய்ந்திருந்தால் தாங்குதிறன் வெகுவாகக் கூடும் என்பதாலேயே, அமெரிக்காவின் மெர்க்குரி விண்வெளித் திட்ட வீரர்கள் உடல்வடிவில் வார்த்த இருக்கைகளில் மல்லாந்தவாறு இங்குப் பயிற்சி பெற்றனர். இதே மையவிலக்கியில் மருத்துவர் பிளானகன் கிரே, சூழ்ந்த நீரின் அழுத்தம் உடலுக்குள் எழும் அழுத்தத்தை ஈடுசெய்யும் என்ற கருத்தைத் தம் உடலிலேயே சோதிக்கத் துணிந்து, நீர் நிரப்பிய உலோகக் கலத்துள் மூச்சடக்கியபடி 31 ஜிக்கும் மேற்பட்ட முடுக்கத்தைச் சில நொடிகள் தாங்கினார்.