கடலோரத்துக் கழிவுநீர் நிலையங்களும் புயல்வெள்ளமும்



கிணற்றடியிற் குளித்து, அந்த நீர் வாழைப்பாத்திக்கு ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மிற் பலர். பயன்படுத்திய நீர் எங்கே போகிறது என்பது நமக்குக் கண்கூடு. பெருநகரத்தில் வாழ்பவருக்கோ அது தெரியாது. குளியலறையின் நீரும் மலசலகூடத்தின் நீரும் நிலத்தடிக் குழாயிற் புகுந்து மறைகின்றன. அத்துடன் தமக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பு அறுந்தது என்றே அவர் எண்ணிக்கொள்கிறார். அறுந்ததாக எண்ணிய தொடர்பு ஒரே இரவில் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்த நிகழ்ச்சியொன்று உண்டு.

2012 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29 ஆம் நாள் மாலை, சாண்டி எனப் பெயரிடப்பட்ட பெரும்புயல் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சிக் கரையைத் தாக்கியது. அன்று பூரணை. பூரணை நாளிற் கடற்பெருக்கு இயல்பாகவே உயர்ந்திருக்கும். அதன்மேற் புயற்காற்று கடல்நீரைக் கரைநோக்கித் தள்ளியது. மன்ஹற்றன் தீவின் தென்முனையில், வற்றுக்கால நீர்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 14 அடி உயரத்துக்குக் கடல் எழுந்தது.

நியூயோர்க் நகருக்குக் கிழக்கே லோங் ஐலண்ட் என்னும் நீண்ட தீவில், பே பார்க் என்ற இடத்திற் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் கழிவுநீர் அங்கே வந்து சேருகிறது. அன்றிரவு அதன் பிரதான நீரிறைக்கும் யந்திரங்கள் இருந்த பகுதியில் 9 அடி ஆழத்துக்கு உப்புநீர் புகுந்தது. யந்திரங்கள் நின்றன. மக்களோ நிற்கவில்லை, மின்சாரம் இல்லாத வீட்டிலும் குழாய்நீர் வந்துகொண்டுதானே இருக்கும்! மேலேயிருந்து வந்த கழிவுநீர், முன்னே போக வழியின்றிப் பின்னோக்கி எழுந்தது. பள்ளமான இடங்களிலிருந்த வீடுகளுக்குள் அது புகுந்தது. அயலிலுள்ள ஈஸ்ட் றொக்கவேயில் தெருவிலேயே கொப்பளித்து ஓடியது.

நிலையம் ஏறக்குறைய இரண்டு நாள் செயலற்றுக் கிடந்தது. அதற்குள் 10 கோடி கலன் கழிவுநீர் எவ்விதச் சுத்திகரிப்புமின்றி வெளியேறியது. யந்திரங்கள் ஓடத் தொடங்கிய பின்னரும், ஆறு வாரங்களுக்கு மேலாக அரைகுறையாகச் சுத்திகரிக்கப்பட்ட நீரே அயலிலுள்ள கடற்கால்வாய்க்குச் சென்றது. நியூ ஜேர்சியில், நியூவாக் நகரத்துப் பெருநிலையத்தின் நிலை இன்னும் மோசமானது. அங்கிருந்து 84 கோடி கலன் கழிவுநீர் அப்படியே குடாவிற் கலந்தது. புயலாற் பாதிக்கப்பட்ட மாநிலங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கிளைமற் சென்ட்ரல் என்னும் ஆய்வு நிறுவனம் 2013 இல் வெளியிட்ட கணக்கு 1,100 கோடி கலன்.

இத்தகைய நிலையங்களைக் கடலின் வாயிலிற் கொண்டுபோய் வைப்பானேன் என்று கேட்கத் தோன்றும். நீரின் இயல்பே காரணம். கழிவுநீர்க் குழாய்கள் சரிவாகப் புதைக்கப்படுகின்றன. நீர் தன் பாரத்தினாலேயே ஓடினாற் செலவில்லை. அவ்வாறு ஓடும் நீர் ஊரின் மிகத் தாழ்ந்த இடத்தில் வந்து கூடும். கடலோர நகரில் மிகத் தாழ்ந்த இடம் கடற்கரைதான். சுத்திகரித்த நீரை விடுவதற்கும் கடலே அருகில் இருக்கிறது. ஆகவே நிலையத்தை மேட்டுக்கு மாற்றுவது என்றால், நகரத்தின் நிலத்தடிக் குழாய்கள் அனைத்தையும் திசைதிருப்ப வேண்டும். அதனைச் செய்யத் துணிபவர் அரிது.

இனி, வெள்ளம் புகுந்தால் எது கெடுகிறது என்று பார்ப்போம். சுத்திகரிப்பு நிலையம் என்றதும் பெரிய பெரிய கொங்கிறீற்றுத் தொட்டிகள் நம் மனக்கண்முன் வருகின்றன. அவற்றுக்கு வெள்ளத்தால் வரும் கேடு சிறிது. நீரைத் தாங்கவே பிறந்தவை அவை. கெடுவது மின்சாரம். மோட்டார், சுவிச்சுப் பலகை, மின்மாற்றி, கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை உப்புநீரில் ஒருமுறை மூழ்கினாற் போதும். துடைத்து உலர்த்திய பின்னரும் உள்ளே தங்கிய உப்பு செம்பையும் இரும்பையும் அரிக்கும். மின்னோட்டத்தை வழிதவறச் செய்யும். பெரும்பாலும் அவற்றை எறிந்துவிட்டுப் புதியன வாங்கவே நேரும். பெரிய சுவிச்சுப் பலகை கடையிற் கிடைக்கும் பண்டமன்று. சொல்லிச் செய்விக்க மாதங்கள் ஆகும்.

மின்சாரத்தோடு இன்னொன்றும் மடிகிறது. கழிவுநீரைத் தூய்மையாக்குவது யந்திரமன்று. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள். அவை கழிவை உண்டு வாழ்கின்றன. அவற்றுக்கு மூச்சுவிட இடையறாது காற்று ஊத வேண்டும். ஊதும் யந்திரம் நின்றால் அவை மூச்சுத்திணறும். உப்புநீர் மிகுதியாகக் கலந்தால் மேலும் நலிவடையும். அழிந்துபோன நுண்ணுயிர்க் கூட்டத்தை மீண்டும் வளர்த்தெடுக்கப் பல நாட்கள், சிலவேளை வாரங்கள் செல்லும். மின்சாரம் வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணக்கூடாது.

நியூயோர்க் நகரின் 14 நிலையங்களில் 10 நிலையங்கள் சாண்டியினாற் சேதமுற்றன அல்லது மின்சாரம் இழந்தன. அடுத்த ஆண்டிலேயே அந்நகரம் ஒரு பாதுகாப்புத் திட்டத்தை வெளியிட்டது. நூறாண்டுக்கு ஒருமுறை வரத்தக்கதெனக் கணித்த வெள்ளமட்டத்தை எடுத்து, கடல் உயரப்போவதை எண்ணி அதன்மேல் 30 அங்குலம் கூட்டினர். பின்னர் ஒவ்வொரு கட்டடமாகச் சென்று, அந்த மட்டத்துக்குக் கீழே என்னென்ன கருவிகள் உள்ளன என்று எண்ணினர். இந்த எண்ணும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய மதில் கட்டுவோம் என்று முழங்குவதிலும் இது பயனுள்ளது. 31 கோடி 50 இலட்சம் டொலர் செலவிட்டால், 100 கோடி டொலருக்கு மேற்பட்ட கருவிகளைக் காக்கலாம் என்று கணக்குக் காட்டினர்.

செய்யத்தக்கவை எளியனவே. சுவிச்சுப் பலகையை நிலவறையிலிருந்து மேல்மாடிக்கு ஏற்றலாம். ஏற்ற இயலாத மோட்டாருக்குப் பதிலாக, நீருள் மூழ்கியும் ஓடும் மோட்டாரை வைக்கலாம். தாழ்ந்த கதவுகளையும், சுவரில் மின்கம்பி நுழையும் துளைகளையும் நீர்புகாமல் அடைக்கலாம். ஒரு சிறு துளை போதும், ஓரிரவில் ஓர் அறை நிறைவதற்கு. மதிலுக்கும் இடமுண்டு. பே பார்க்கில் மதில் எழுப்பினார்கள். அந்நிலையத்தின் திருத்தத்துக்கும் பாதுகாப்புக்குமாக 2014 இல் மத்திய அரசு ஏறக்குறைய 81 கோடி டொலர் வழங்க இணங்கியது. ஆயினும் மதில் கட்டியவர் இரண்டை மறக்கலாகாது. மதிலுக்குள்ளே பெய்யும் மழை வெளியேற வழி வேண்டும். கடலுக்குச் செல்லும் குழாய்வழியே கடல் உள்ளே வராதிருக்கத் தடுப்புக் கதவும் வேண்டும். வெள்ளம் எப்போதும் வாசல்வழியே வருவதில்லை.

முதலிலேயே உயரமாகக் கட்டினால் என்ன? அப்படிச் செய்தவர்களும் உண்டு. பொஸ்டன் நகரத்தின் டியர் ஐலண்ட் நிலையத்தை 1980களின் இறுதியில் வரைந்த பொறியியலாளர், கடல்மட்டம் உயரக்கூடும் என்று கருதி, முழு நிலையத்தையும் ஏறக்குறைய 2 அடி உயர்த்தி அமைத்தனர். வெள்ளத்துக்கு அஞ்சி மட்டும் செய்ததன்று. அங்கே சுத்திகரித்த நீர் ஒன்பதரை மைல் நீளமான சுரங்கவழியே, யந்திரத்தின் உதவியின்றித் தன் பாரத்தினால் ஆழ்கடலுக்குச் செல்லவேண்டும். கடல் உயர்ந்தால் அந்த ஓட்டம் தளரும். காகிதத்தில் 2 அடி உயர்த்துவதற்கும், கட்டி முடிந்த நிலையத்தை 2 அடி உயர்த்துவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

நிலையத்தைக் காக்கும் வேலை நடந்து முடியுமட்டும் பள்ளத்து வீட்டுக்காரர் என்ன செய்வது? வீட்டிலிருந்து தெருக்குழாய்க்குச் செல்லும் குழாயில் ஒருவழிக் கதவு ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். வெளியே செல்லும் நீருக்கு அது திறக்கும்; திரும்பி வரும் நீருக்கு மூடிக்கொள்ளும். ஆனால் அது மூடியிருக்கும் வேளையில் வீட்டு நீரும் வெளியே போகாது. அந்நேரத்திற் குழாயைத் திறந்து குளிப்பவர், தமது குளியல்நீரிலேயே தாம் நிற்க நேரும்.