கோணல் பலகையைச் சமப்படுத்தும் சறுக்குப் பெட்டி

காணியில் விழுந்த வேம்பையோ மாவையோ அரிந்தெடுத்த தடித்த பலகை, காயும்போது முறுகிவிடும். அகலமான பலகையைச் சீவுளியால் சமப்படுத்த நல்ல கைப்பழக்கம் தேவை. இதனால் மேசையாக வேண்டிய மரம் விறகாகிவிடுகிறது. சுழலும் அலகால் மரத்தைச் செதுக்கும் 'ரவுட்டர்' மின்கருவி ஒன்றைச் சில குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால், மீதியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

கருவி மரத்தின் மேல் ஓடினால் மரத்தின் மேடுபள்ளத்தையே பின்பற்றும். இரு பக்கமும் பொருத்திய நேரான சட்டங்களின் மேல் ஓடினால், அந்த நேர்த்தி மரத்துக்கும் வரும்.

முதலில் கவனிக்க வேண்டியவை

ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு வருடம் நிழலில் காயவிடுங்கள். ஈரப்பலகை மீண்டும் முறுகும். 2009 வரை போர் நடந்த இடங்களின் மரங்களில் குண்டுச் சிதறல்கள் இருக்கக்கூடும். அலகு இரும்பில் பட்டால் உடைந்து பறக்கும். பலகையின் மேல் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். ஈயமும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டா. ஆழத்திலுள்ள இரும்பும் தெரியாது. எனவே கருநீலக் கறை, மூடிய துளை உள்ள பலகையை ஒதுக்கிவிடுங்கள்.

செய்முறை (5 அடி நீளம், 2 அடி அகலமான பலகைக்கு)

1. பலகையைவிட உயரமான, 7 அடி நீளமான இரு சட்டங்களை 2½ அடி இடைவெளியில் மேசையில் பொருத்துங்கள். மூலைக்கு மூலை இரு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் அவை மெல்லத் தொட்டால் சட்டங்கள் ஒரே மட்டம்.

2. ஒட்டுப்பலகையால் 3½ அடி நீளமான, மேல் திறந்த பெட்டி செய்யுங்கள். அகலம், ரவுட்டரின் அடி ஆடாமல் ஓடுமளவு. பக்கப்பலகை 3 அங்குல உயரமாயிருந்தால் நடு தொய்யாது. அடியின் நடுவில் அலகு செல்ல 2¼ அடி நீளப் பிளவு வெட்டுங்கள்.

3. பலகையின் ஆடும் மூலைகளுக்கு ஆப்பு வையுங்கள். பக்கங்களில் கட்டைகளை நெருக்கி மேசையில் ஆணிமுறுக்குங்கள். அவை அலகுக்கு எட்டாமல் தாழ்ந்திருக்கட்டும்.

4. பலகை முழுவதும் சோக்கட்டியால் கோடு கீறுங்கள். ஒரு தடவைக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் மட்டும் செதுக்குங்கள். கோடு எஞ்சிய இடம் இன்னும் பள்ளம். கோடு முழுவதும் மறைந்ததும் பலகையைப் புரட்டி மறுபக்கத்தையும் செய்யுங்கள்.

கண்ணாடியும் முகமூடியும் அணியுங்கள். தொங்கும் சால்வை வேண்டாம். அலகை மாற்றுமுன் மின்செருகியைக் கழற்றுங்கள்.

இறுதியில் அரத்தாள் தேய்த்தால் போதும். சட்டங்களையும் பெட்டியையும் மழை படாமல் வையுங்கள். அவை முறுகினால் அடுத்த பலகையும் கோணலாகும்.