கை போகும் பாதை

நீந்துகிறவருக்குத் தன் கை நீருக்குள் என்ன செய்கிறது என்பது சரியாகத் தெரியாது. நேராகப் பின்னால் தள்ளுவதாகத்தான் நினைப்பார். முழங்கையோ சரிந்து, நீரை நழுவவிட்டுக்கொண்டிருக்கும். கரையில் நிற்கும் பயிற்சியாளருக்கும் தெரிவது நுரையும் தெறிப்பும்தான்.

நீருக்கடியில் கேமராவைக் கொண்டுபோன முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 7 தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ் அவரிடம் பயின்றவர். குளத்தை இருட்டாக்கி, வீரர்களின் விரல்நுனியில் விளக்கைப் பொருத்திப் படமெடுத்தபோது, ஒளிக்கோடு நேராக விழவில்லை. உள்ளும் வெளியுமாக வளைந்தது. விமான இறக்கையைப் போலக் கை நீரை அறுத்துச் சென்று உந்துவிசை பெறுகிறது என்று கவுன்சில்மன் விளக்கினார். 'எஸ்' வடிவில் இழுக்கும் பயிற்சி பரவியது. அந்த வளைவில் ஒரு பகுதி உடல் பக்கவாட்டில் உருளுவதாலேயே உண்டாகிறது என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. நீரைப் பின்னோக்கித் தள்ளுவதன் பங்கும் பெரிது என்று தெரிந்தது. பதிவான பாதை உண்மை; அதற்குச் சொன்ன காரணம்தான் முழுமையாக இல்லை.

எதைச் சார்ந்து அளக்கிறோம் என்பதில்தான் நீருக்கடியில் படமெடுத்து ஆராயும் இத்துறையின் நுட்பமே இருக்கிறது. வீரருடன் கூடவே நகரும் கேமராவில், கை தலைக்கு முன்னிருந்து தொடைவரை நெடுந்தூரம் பின்னால் போகும். கேமராவை அசையாமல் வைத்துப் பாருங்கள்: நல்ல ஃப்ரீஸ்டைல் வீரரின் கை, புகுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வெளியே வரும். கையை நீரில் ஊன்றிக்கொண்டு உடல்தான் அதைக் கடந்து போகிறது. இதை ஒருமுறை கண்ணால் கண்ட வீரருக்கு, பயிற்சியாளர் நூறு முறை சொன்னது அப்போதுதான் புரியும்.

கை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போனால், வினாடிக்கு 60 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் அடுத்தடுத்த படங்களுக்கிடையே 3 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். 240 ஃபிரேமில் 1 சென்டிமீட்டருக்கும் குறைவு. தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு ஆகியவற்றை ஒவ்வொரு படத்திலும் குறித்துக் கோணங்களைக் கணக்கிடுகிறார்கள். மென்பொருள் தானே குறிக்கும் என்றாலும், காற்றுக்குமிழிகள் மணிக்கட்டை மறைக்கும் இடங்களில் மனிதக் கண் சரிபார்த்தாக வேண்டும்.

பயிற்சியாளர்கள் இன்றே இதைத் தொடங்கலாம். நீர்புகா உறையிட்ட கைபேசியைப் பக்கவாட்டில் அசையாமல் பொருத்துங்கள். சுவரை உதைத்துத் தள்ளும் வேகம் கலக்காதபடி, குளத்தின் நடுவே 10 மீட்டர் குறித்து, அதைக் கடக்கும் நேரத்தை அளந்து, கைவீச்சுகளை எண்ணுங்கள். ஒரு வீச்சில் கடக்கும் தூரத்தை வினாடிக்கான வீச்சுகளால் பெருக்கினால் வேகம். அவற்றில் எது குறைகிறது என்று தெரிந்தபின் முழங்கையைப் பாருங்கள். சிறுவர்களைப் படமெடுக்கும் முன் பெற்றோரிடம் அனுமதி கேளுங்கள்.