ஆடு வளர்ப்பும் பரம்பரைக் குறைகளும்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய நமது கரையோர ஊர்களில் உழ்ஹிய்யாவுக்கு ஆடு வாங்குவோர் அதனை எத்துணைக் கவனமாகப் பார்க்கின்றனர் என்பதை நேயர்கள் அறிவர். கண் குருடா, கால் முடமா, நோயுற்றதா, எலும்பு தெரிய மெலிந்ததா என்று ஆராய்ந்து, பல்லைப் பார்த்து வயதையும் கணித்த பின்னரே விலை பேசுவர். மார்க்கம் வகுத்த ஒழுங்கு அது. ஆனால், அறுக்கப்படும் ஆட்டிடம் காட்டும் இக்கவனத்தை, பட்டியைப் பெருக்கப்போகும் பொலிகிடாயிடம் நாம் காட்டுகின்றோமா? இன்று நாம் சிந்திக்க வேண்டிய வினா இதுவே.

நடைமுறையில் பெரும்பாலும் நேர்மாறானதே நிகழ்கின்றது. நன்கு வளர்ந்த கிடாய் பெருநாளுக்கு விலைபோய்விடுகின்றது. விலைபோகாது எஞ்சிய கிடாய் மறியாடுகளோடு மேய்ந்து திரிந்து, பட்டிக்குத் தகப்பனாகின்றது. அதனை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு மறியாடு ஓர் ஈற்றில் ஒன்றிரண்டு குட்டிகளையே ஈனும். கிடாயோ அவ்வாண்டு பிறக்கும் குட்டிகள் அனைத்துக்கும் தந்தையாகக் கூடும். ஆகவே கிடாயின் குறை விரைவில் பட்டியின் குறையாகிவிடும்.

பரம்பரைக் குறைகளுட் சில கண்ணுக்குப் புலனாகும். சில மறைந்து நிற்கும். மறைந்து நிற்பவையே அதிக ஆபத்தானவை. ஒவ்வோர் ஆடும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, மரபணுக்களை இணை இணையாகப் பெறுகின்றது. இணையில் ஒன்று பழுதாயினும் மற்றது நன்றாயிருப்பின், பல வேளைகளில் ஆடு நலமாகவே தோன்றும். ஆயினும் அத்தகைய இரு ஆடுகள் இணைந்தால், பிறக்கும் குட்டிகளுள் நான்கில் ஒன்று இரு பழுதுகளையும் ஒருங்கே பெற்றுக் குறையோடு பிறக்க இடமுண்டு. 1866ஆம் ஆண்டில் மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளைக் கொண்டு வெளியிட்ட கணக்கு இது.

நெருங்கிய உறவுடைய ஆடுகள் சேரும்போது இவ்வாபத்து மிகுகின்றது. ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம். பெட்டைக்குட்டி ஆறு மாதமளவில் பருவமடையக் கூடும். எனவே பட்டிக்கு வந்த கிடாய் ஓராண்டு கடப்பதற்குள் தன் மகள்களோடு சேரும் நிலை உண்டாகின்றது. தந்தையிடம் மறைந்திருந்த பழுது மகளிடமும் இருக்குமாயின், அது பேரக்குட்டியில் வெளிப்படக் கூடும்.

தோற்றத்தை மட்டும் நம்புவதன் கேட்டுக்கு நாய்களிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். தமிழ்நாட்டின் இராஜபாளையம் நாய் காவலுக்கும் வேட்டைக்கும் பெயர்பெற்றது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அதன் உருவத்தை முத்திரையில் வெளியிட்டது. தூய வெண்ணிறமே அதன் அழகென்று போற்றி வளர்த்தனர். எனினும் இவ்வினத்திற் பிறவிச் செவிடு காணப்படுகின்றது. தோலுக்கு நிறமூட்டும் உயிரணுக்கள் உட்செவியிலும் தேவைப்படுகின்றன. அவை அங்கு இல்லாதவிடத்துச் செவிப்புலன் அழிகின்றது. வெண்ணிறத்திற் கரும்புள்ளிகளுடைய டல்மேஷன் நாய்களிலும் இக்குறை உண்டு. ஒரு செவி மட்டும் கேளாத நாய் கூப்பிட்டால் ஓடிவரும். அதன் குறையை உரிமையாளரும் அறியார். ஆறு வாரக் குட்டியிலேயே மின்கருவி கொண்டு செவிப்புலனைச் சோதிக்கும் முறை வந்த பின்னரே, குறையுள்ளவற்றை இனப்பெருக்கத்திலிருந்து விலக்குதல் இயல்வதாயிற்று.

ஆடுகளில் இதற்கு நிகரானது பிறவியிலேயே கொம்பில்லாமை. சுவிற்சர்லாந்தின் சானென் என்னும் பாலாட்டினத்தில் இது மிகுதி. அவ்வினக் கலப்பு நம் நாட்டிலும் உண்டு. கொம்பில்லாத ஆடு கையாள எளிது என்று, கிடாயையும் மறியையும் கொம்பில்லாதனவாகவே தேர்ந்தால், பெண்ணாகப் பிறக்க வேண்டிய குட்டிகளுள் நான்கில் ஒன்று ஆணும் பெண்ணுமற்ற மலட்டு ஆடாகப் பிறக்க இடமுண்டு. இதற்குக் காரணமான மரபணுப் பழுதினைப் பிரெஞ்சு ஆய்வாளர் 2001ஆம் ஆண்டிற் கண்டறிந்தனர். பரிகாரமோ மிக எளிது: இணையும் இரண்டில் ஒன்று கொம்புடையதாயிருத்தல் வேண்டும். குட்டியிற் கொம்பு சுடப்பட்ட ஆட்டைப் பிறவியிலேயே கொம்பற்றதென்று மயங்குதலும் ஆகாது.

இனி, ஆடு வளர்ப்போர் செய்யத்தக்கவை யாவை? பொலிக்கென வைக்கும் கிடாயைப் பெருநாட் சந்தைக்கு முன்னரே ஒதுக்கிவிடுங்கள். அதன் இரு விதைகளும் இறங்கியுள்ளனவா, கீழ்த்தாடை மேற்றாடையோடு பொருந்துகின்றதா, கால்கள் நேராயுள்ளனவா, தொப்புளிற் புடைப்பு உண்டா என்று பாருங்கள். அதன் தாயின் மடியையும் பாலையும், உடன்பிறந்த குட்டிகளின் நிலையையும் விசாரியுங்கள். பொலிக்கு வேண்டாத ஆண் குட்டிகளை மூன்று மாதமளவில் மறிகளிடமிருந்து பிரித்துவிடுங்கள். எக்கிடாய்க்கு எம்மறி எப்போது ஈன்றது, குட்டியில் என்ன குறை கண்டது என்பதை ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். மகள்கள் பருவமடையுமுன் கிடாயை மாற்றிவிடுங்கள். நிந்தவூர்க் கிடாய் மருதமுனைக்கும் மருதமுனைக் கிடாய் நிந்தவூருக்குமாக மாறினால் இருசாராருக்கும் நன்மையே. ஆனால், புதிதாக வந்த கிடாயைச் சில வாரம் தனியே கட்டி, கால்நடை வைத்திய அதிகாரியிடம் காட்டிய பின்னரே பட்டியிற் சேர்த்தல் வேண்டும்.

குறையுள்ள குட்டியை விற்றுவிடுவதனாற் குறை நீங்குவதில்லை. அதனைத் தந்த தாயும் தந்தையும் பட்டியிலேயே நிற்கின்றன. குறையுள்ளதென்று அறிந்தும் அக்கிடாயை அயலவருக்குப் பொலிக்கென விற்பது நேர்மையான வியாபாரமும் அன்று. பெருநாள் ஆட்டிற் குறை தேடும் அதே கண்ணால் பொலிகிடாயையும் ஒரு முறை பாருங்கள். அதற்குப் பணம் வேண்டியதில்லை; சிறிது பொறுமையும் ஒரு கொப்பியுமே போதும்.